கடல் கடந்த குரல்

விழுப்புரம் மாவட்டத்தில், செஞ்சிக் கோட்டைக்கு அண்மையில், தளவானூர் என்னும் சிற்றூர் உள்ளது. கி. பி. 7ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் அவ்வூர்க் குன்றைக் குடைந்து, சத்துருமல்லேசுவரம் என்னும் கோயிலை அமைத்தான். அக்கோயிலில் வடமொழியிலும் தமிழிலும் கல்வெட்டுகள் உள்ளன. ஏறத்தாழ 1,400 ஆண்டுகள் கடந்தும் அவை மன்னன் செய்த பணியை உரைத்து நிற்கின்றன. கல்லிற் பொறித்த சொல்லுக்கு ஆயுள் மிகுதி. ஆயினும், அது நின்ற இடத்தை விட்டு நகராது. அதனைப் படிக்க விழைவோர் குன்றை நாடிச் செல்லுதல் வேண்டும்.

வாயிற் பிறக்கும் சொல்லின் இயல்பு வேறு. அது கேட்பவரை நாடித் தானே செல்லும்; ஆனால் நெடுந்தொலைவு செல்லாது; செல்லும்போதே தேய்ந்து மறையும். நம் முன்னோர் வழித்தொலைவைக் ‘கூப்பிடு தூரம்’ என்று அளந்தனர். ஒருவன் கூவி அழைத்தால் மற்றவன் செவியில் விழக்கூடிய தொலைவே அது. அத்தொலைவைப் பெருக்குவதற்கு மனிதன் முரசு அறைந்தான், கொம்பு ஊதினான், மணி அடித்தான். இவற்றின் ஒலியும் சில கல் தொலைவிற்குள் அடங்கிவிடும். மேலும், முரசொலி ‘வருக’ என்று அழைக்கும். வருவதன் காரணத்தை விளக்கிச் சொல்ல அதனால் இயலாது.

20ஆம் நூற்றாண்டின் நடுவில் இந்நிலை மாறியது. தளவானூரைப் போன்ற தமிழ்நாட்டுச் சிற்றூர்களிலும் கடலுக்கு அப்பாலிருந்து வந்த குரலை மக்கள் தெளிவாகக் கேட்டனர். அக்குரல் இலங்கை வானொலியின் குரல். அதனை ஏந்தி வந்தவை, கொழும்பிற்கு வடக்கே ஜா-எல என்னும் ஊருக்கு அருகில் உள்ள ஏக்கல என்ற இடத்திலிருந்து எழுந்த சிற்றலைகள். போர்வீரர்களுக்காக எழுப்பப்பட்ட ஒரு நிலையம், போர் முடிந்த பின் இரு நாட்டு மக்களின் அன்பிற்குப் பாலமாயிற்று. அவ்வரலாறு அறியத் தக்கது.

அதனை அறியுமுன், சிற்றலை என்பது யாதெனத் தெரிந்துகொள்ளுதல் நலம். வானொலி நிலையத்தில் ஒருவர் பேசும்போது, அவர்முன் உள்ள ஒலிவாங்கி குரலின் அதிர்வுகளை மின்னோட்டத்தின் ஏற்றத்தாழ்வுகளாக மாற்றுகின்றது. இம்மின்னோட்டம் தனித்து நெடுந்தொலைவு செல்லும் ஆற்றல் உடையதன்று. ஆதலால், மிக விரைந்து அதிரும் மின்காந்த அலை ஒன்றின்மேல் அதனை ஏற்றி அனுப்புகின்றனர். குதிரைமேல் அமர்ந்து செல்லும் தூதனைப் போலக் குரல் அவ்வலையின்மேல் அமர்ந்து செல்கின்றது. அவ்வலை நொடிக்கு 3 இலட்சம் கிலோமீட்டர் வேகத்தில் பாய்கின்றது. கேட்பவர் வீட்டு வானொலிப் பெட்டி அலையைப் பற்றிக் குரலை மட்டும் பிரித்தெடுத்துத் தருகின்றது.

வானொலி அலைகளுள் நீளம் மிகுந்தவற்றை நெட்டலை என்றும், இடைப்பட்டவற்றை மத்திய அலை என்றும், குறைந்தவற்றைச் சிற்றலை என்றும் கூறுவர். 10 மீட்டர் முதல் 100 மீட்டர் வரை நீளமுள்ளவை சிற்றலைகள். மத்திய அலை பகலில் நிலத்தைத் தழுவிச் செல்வது. ஆதலால் அதன் வலிமை சில நூறு கிலோமீட்டருக்குள் தேய்ந்துவிடும். சிற்றலையோ வானத்தை நோக்கி எழுந்து, மேலே உள்ள அயன மண்டலத்தில் வளைந்து, மீண்டும் நிலத்திற்குத் திரும்புகின்றது. நிலத்திலும் கடலிலும் பட்டு மறுபடியும் மேலெழுகின்றது. இவ்வாறு எழுந்தும் விழுந்தும் அது கண்டம்விட்டுக் கண்டம் செல்ல வல்லது.

அயன மண்டலம் என்பது யாது? நிலத்திற்கு மேல் ஏறத்தாழ 60 கிலோமீட்டர் உயரத்திலிருந்து பல நூறு கிலோமீட்டர் உயரம்வரை, கதிரவனின் புற ஊதாக் கதிர்கள் அங்குள்ள மெல்லிய காற்றின் அணுக்களைத் தாக்கி, அவற்றிலிருந்து எலக்ட்ரான்களைப் பிரிக்கின்றன. மின்தன்மை பெற்ற இவ்வடுக்குகளே சிற்றலையை வளைத்துத் திருப்புகின்றன. கதிரவன் ஆக்கிய கூரை இஃது ஆகையால், பகலில் ஒரு நிலையிலும் இரவில் மற்றொரு நிலையிலும் இருக்கும். பகலுக்கு ஏற்ற அலைவரிசை இரவிற்கு ஏலாது. கதிரவன் முகத்தில் தோன்றும் கரும்புள்ளிகள் ஏறத்தாழ 11 ஆண்டுகளுக்கு ஒருமுறை பெருகியும் குறைந்தும் வருவதற்கேற்பவும் இம்மண்டலத்தின் தன்மை மாறும்.

இவ்வுண்மைகள் ஒரே நாளில் வெளிப்பட்டவை அல்ல. 1895இல் ஜகதீச சந்திர போஸ் கம்பியில்லா மின்காந்த அலைகளின் செயலைக் கல்கத்தாவில் மக்கள்முன் காட்டினார். 1901ஆம் ஆண்டு டிசம்பர் 12ஆம் நாள் மார்க்கோனி அட்லாண்டிக் பெருங்கடலைக் கடந்த குறியொலியைப் பெற்றார். உருண்டையான உலகத்தின் வளைவைத் தாண்டி அலை எவ்வாறு வந்தது என்ற வினா எழுந்தது. 1902இல் அமெரிக்காவில் கென்னெலியும் இங்கிலாந்தில் ஹெவிசைடும், வானத்தில் மின்தன்மையுள்ள அடுக்கு ஒன்று இருத்தல் வேண்டும் எனத் தனித்தனியே கருதினர். 1924இல் ஆப்பிள்டன் அதனை ஆய்ந்து மெய்ப்பித்தார். அதற்காக 1947இல் நோபல் பரிசு பெற்றார். கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் சிசிர் குமார் மித்ரா இத்துறை ஆராய்ச்சியை வளர்த்து, மேல் வளிமண்டலம் பற்றிய பெருநூல் ஒன்றை 1947இல் வெளியிட்டார்.

சிற்றலையின் பெருமையை முதலில் உணர்ந்தவர்கள் பொழுதுபோக்காக வானொலியிற் பழகிய ஆர்வலர்களே. 200 மீட்டருக்குக் குறைந்த அலைகள் பெரும்பயன் தாரா என்று கருதி, அமெரிக்க அரசு 1912இல் அவற்றை ஆர்வலர்க்கு ஒதுக்கிற்று. பிறர் கைவிட்ட தரிசு நிலத்தில் பொன் விளைந்ததைப் போல, 1923ஆம் ஆண்டு நவம்பரில் பிரான்சிலிருந்த டெலுவா என்பவரும் அமெரிக்காவிலிருந்த ஷ்னெல் என்பவரும் ஏறத்தாழ 110 மீட்டர் அலையிற் கடல் கடந்து உரையாடினர். அதன்பின் அரசுகள் விழித்துக்கொண்டன. 1932ஆம் ஆண்டு டிசம்பர் 19ஆம் நாள் பி. பி. சி. நிறுவனம் தன் பேரரசு ஒலிபரப்பைச் சிற்றலையில் தொடங்கியது.

சிற்றலைக்கு வேலியும் இல்லை. சுங்கச் சாவடியும் இல்லை. இதனை நம் விடுதலைப் போராட்ட வரலாறும் காட்டுகின்றது. 1942இல் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் ஜெர்மனியிலிருந்து வானொலி வாயிலாக இந்திய மக்களிடம் பேசினார். அதே ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் ‘வெள்ளையனே வெளியேறு’ இயக்கம் எழுந்தபோது, பம்பாயில் உஷா மேத்தா என்னும் மாணவியும் தோழர்களும் காங்கிரஸ் வானொலி என்னும் மறைவு நிலையத்தை 42.34 மீட்டர் அலையில் நடத்தினர். காவலர் கண்ணுக்கு அகப்படாதிருக்க அவர்கள் அடிக்கடி இடம் மாறினர். நவம்பர் 12ஆம் நாள் காவலர் அவர்களைப் பிடித்தனர். செய்தித்தாள்களின் வாயை அடைத்த அரசால், ஏறத்தாழ மூன்று திங்கள் ஒரு சிறு ஒலிபரப்புக் கருவியின் வாயை அடைக்க இயலவில்லை.

இனி, இலங்கையின் வரலாற்றைக் காண்போம். அங்கே தந்தித் துறையின் தலைமைப் பொறியாளராக இருந்த எட்வர்டு ஹார்ப்பர் 1920களின் தொடக்கத்தில் வானொலிச் சோதனைகளை மேற்கொண்டார். 1925ஆம் ஆண்டு டிசம்பர் 16ஆம் நாள் ஆளுநர் ஹியூ கிளிஃபோர்டு கொழும்பு வானொலியை முறைப்படி தொடங்கி வைத்தார். சென்னையிலும் அக்காலத்தே இம்முயற்சி தோன்றியிருந்தது. சி. வி. கிருஷ்ணசாமிச் செட்டியாரின் முயற்சியால் 1924இல் சென்னை மாகாண வானொலிக் கழகம் ஒலிபரப்புச் செய்தது. பொருள் முட்டுப்பாட்டால் 1927இல் கழகம் ஓய்ந்தது. அதன் கருவியைப் பெற்ற சென்னை மாநகராட்சி 1930இல் ஒலிபரப்பைத் தொடர்ந்தது. 1938ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் நாள் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையமும், மறு ஆண்டு திருச்சி நிலையமும் தோன்றின.

இரண்டாம் உலகப் போர் இலங்கையின் நிலையை மாற்றியது. 1942ஆம் ஆண்டு பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. ஏப்ரலில் கொழும்பும் திருகோணமலையும் வான்வழித் தாக்குதலுக்கு உள்ளாயின. 1943இல் தென்கிழக்கு ஆசியப் படைத் தலைமையகம் அமைக்கப்பட்டது. மவுண்ட்பேட்டன் பிரபு அதன் தலைவரானார். 1944ஆம் ஆண்டு ஏப்ரலில் அத்தலைமையகம் தில்லியிலிருந்து கண்டிக்கு மாறியது. பர்மாக் காடுகளில் மழையிலும் மலேரியாக் காய்ச்சலிலும் உழன்ற வீரர்கள், ஐரோப்பியப் போரையே உலகம் பேசியமையால், தங்களை ‘மறக்கப்பட்ட படை’ என்று சொல்லிக்கொண்டனர். பகைவனின் குண்டைக் காட்டிலும், தம்மை நினைப்பார் எவருமில்லை என்னும் எண்ணம் அவர்களை மிகுதியாக வாட்டிற்று.

அவர்களுக்கு வீட்டு நினைவையும் உலகச் செய்தியையும் கொண்டு சேர்க்க ‘ரேடியோ சியாக்’ என்னும் படைவீரர் வானொலி கொழும்பில் தோன்றியது. முதலில் சிறு கருவியைக் கொண்டே அது பேசியது. இந்தியா, பர்மா, மலேயா, சிங்கப்பூர் எனப் பரந்து கிடந்த படைகள் அனைத்திற்கும் கேட்க வேண்டுமாயின் பேராற்றல் வாய்ந்த கருவி வேண்டும். அதற்காக 100 கிலோவாட் ஆற்றலுள்ள மார்க்கோனி சிற்றலைக் கருவி ஏக்கலயில் நிறுவப்பட்டது. 100 வாட் மின்விளக்குகள் 1,000 எரிவதற்கு வேண்டும் ஆற்றல் அது. ஆனால், கருவி பேசத் தொடங்கியது 1946ஆம் ஆண்டில். போர் 1945ஆம் ஆண்டு ஆகஸ்டிலேயே ஓய்ந்துவிட்டது. போருக்கெனச் செய்த பெருங்குரல் அமைதிக் காலத்தில்தான் வாய் திறந்தது.

எனினும், அதற்குப் பணி இல்லாமற் போகவில்லை. வீடு திரும்பக் கப்பலுக்குக் காத்துத் தொலைநாடுகளில் தங்கியிருந்த வீரர்கள் பலர். அவர்கள் விரும்பிய பாடல்களை அந்நிலையம் ஒலிபரப்பியது, இலண்டன் பி. பி. சி. செய்திகளைப் பெற்று அஞ்சல் செய்தது. ‘அஞ்சல்’ என்னும் சொல் இங்கே கருதத் தக்கது. முற்காலத்தில் ஓட்டக்காரன் ஒருவன் ஓலையைக் குறித்த தொலைவு சுமந்து சென்று அடுத்தவன் கையில் ஒப்படைப்பான். அவன் அதனை மேலும் கொண்டுசெல்வான். அவ்வாறே, ஒரு வானொலி நிலையத்தில் தோன்றும் நிகழ்ச்சியை மற்றொரு நிலையம் ஏற்று, புதிய வலிமையூட்டி மீண்டும் ஒலிபரப்புவதே அஞ்சல் செய்தலாகும். ஓலையைத் திருத்தாமலும் தாமதிக்காமலும் சேர்ப்பதே ஓட்டக்காரனின் கடமை. அஞ்சல் நிலையத்தின் கடமையும் அதுவே.

1948ஆம் ஆண்டு பிப்ரவரி 4ஆம் நாள் இலங்கை விடுதலை பெற்றது. 1949இல் ஏக்கல நிலையம் இலங்கை அரசின் கைக்கு வந்தது. ஒரு சிறு தீவிற்கு அத்துணைப் பெரிய சிற்றலைக் கருவி எதற்கு என்ற எண்ணம் எழுதல் இயல்பே. தீவின் மக்களுக்கு மத்திய அலையே போதும். சிற்றலையோ அருகில் இருப்பவரைத் தாண்டிக் குதித்துத் தொலைவில் உள்ளவரிடம் போய் இறங்கும். ஆகவே, இலங்கை தன் எல்லைக்கு அப்பால் நோக்கியது. 1950ஆம் ஆண்டு செப்டம்பர் 30ஆம் நாள் வர்த்தக ஒலிபரப்புத் தொடங்கப்பட்டது. கொழும்புத் திட்டத்தின்கீழ் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த கிளிஃபோர்டு டாட் அதனை இயக்கி வளர்த்தார். ஆங்கிலம், இந்தி, தமிழ் முதலிய மொழிகளில் நிகழ்ச்சிகள் கடல் கடந்தன. விளம்பரம் தந்தோர் அவற்றிற்கான செலவை ஏற்றனர்.

அயல்நாடுகளும் அந்நிலையத்தின் பயனை நாடின. 1951ஆம் ஆண்டு மே மாதத்தில் இலங்கை அரசும் அமெரிக்க அரசும் உடன்படிக்கை ஒன்று செய்தன. அதன்படி, அமெரிக்கா 35 கிலோவாட் ஆற்றலுள்ள மூன்று சிற்றலைக் கருவிகளை வழங்கியது. இலங்கை தன் நிலையத்தின் வாயிலாக ‘அமெரிக்காவின் குரல்’ நிகழ்ச்சிகளை அஞ்சல் செய்ய இடம் தந்தது. ஏக்கல இவ்வாறு தன் நாட்டுக் குரலையும் பிறநாட்டுக் குரலையும் சுமக்கலாயிற்று.

இத்தகைய நிலையத்தின் பணியைக் காண்போர் வியப்பர். பாடுபவரும் பேசுபவரும் அங்கே இரார். அவர்கள் கொழும்பில் உள்ள ஒலிப்பதிவுக் கூடத்தில் இருப்பர். அவர்தம் குரல் கம்பி வழியே ஏக்கலையை அடையும். அங்கே உயர்ந்த கம்பங்களுக்கிடையே கம்பித்திரைகள் கட்டப்பட்டிருக்கும். எத்திசை நாட்டிற்குக் குரல் செல்ல வேண்டுமோ, அத்திசைக்குரிய கம்பித்திரையைப் பொறியாளர் இணைப்பர். பகலில் 19 மீட்டர், 25 மீட்டர் போன்ற குறுகிய அலைகளும், இரவில் 41 மீட்டர், 49 மீட்டர் போன்ற சற்று நீண்ட அலைகளும் பொதுவாக ஏற்றவை; பொழுது சாயும் வேளையில் அலைவரிசையை மாற்றுதல் வேண்டும். ஒருவர் ஒரு நிமிடம் அயர்ந்தாலும் பல நாடுகளில் வானொலிப் பெட்டிகள் ஊமையாகும். கேட்பவர் பாடகரை அறிவர், அறிவிப்பாளரை அறிவர், இரவெல்லாம் விழித்திருந்த பொறியாளரை அறியார்.

இந்தியாவில் இலங்கை வானொலி புகழ் பெற்றதற்கு ஒரு தனிக் காரணமும் உண்டு. 1952 முதல் 1962 வரை மத்திய அரசின் தகவல், ஒலிபரப்பு அமைச்சராக இருந்தவர் பி. வி. கேஸ்கர். மரபிசையை நாடெங்கும் வளர்க்க வேண்டும் என்பது அவர்தம் வேட்கை. திரைப்பாடல்கள் மக்கள் சுவையைத் தாழ்த்துகின்றன என்று அவர் எண்ணினார். அகில இந்திய வானொலி திரைப்பாடல்களுக்குரிய நேரத்தைக் குறைத்தது. படத்தின் பெயரைச் சொல்லுதல் கூடாது என்றது. பட முதலாளிகள் பாடல்களை ஒலிபரப்பும் உரிமையைத் திரும்பப் பெற்றனர். அகில இந்திய வானொலியில் திரைப்பாடல் அருகியது. பாடலை விரும்பிய மக்கள் பெட்டியின் முள்ளைத் திருகினர். அம்முள் கொழும்பில் வந்து நின்றது.

1952ஆம் ஆண்டு டிசம்பரில் அமீன் சயானி நடத்திய ‘பினாகா கீத்மாலா’ என்னும் இந்தி நிகழ்ச்சி தொடங்கியது. அது பம்பாயிற் பதிவு செய்யப்பட்டு, விமானத்தில் கொழும்பிற்குச் சென்றது. அங்கிருந்து சிற்றலையாக எழுந்து மீண்டும் இந்தியாவிற்கு வந்தது. தன் ஊர்ப் பாடலைக் கேட்பதற்கு அடுத்த நாட்டின் வானத்தை நம்பியிருந்த காலம் அது. இந்தியா இதனிற் பாடம் கற்றது. 1957ஆம் ஆண்டு அக்டோபர் 3ஆம் நாள் ‘விவித பாரதி’ என்னும் மெல்லிசை ஒலிபரப்பு உருவாயிற்று. கேஸ்கர் காலத்தில் வளர்ந்த மரபிசை நிகழ்ச்சிகளும் நிலைத்தன, திரைப்பாடல்களும் திரும்பின. மக்களின் விருப்பத்தை ஆணையால் மட்டும் மாற்றுதல் அரிது என்பதும், நல்லதை வழங்க விழைவோர் மக்களிடம் நெருங்கி வழங்குதல் வேண்டும் என்பதும் இதனால் விளங்கின.

தமிழ் மக்களுக்கு ஏக்கல ஆற்றிய பணி தனிச் சிறப்புடையது. இலங்கை வானொலியின் தமிழ் நிகழ்ச்சிகளை யாழ்ப்பாணத்தார், மட்டக்களப்பார், மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களில் உழைத்தோர் ஆகியோரோடு, பாக்கு நீரிணைக்கு அப்பால் தமிழ்நாட்டிலிருந்தோரும் விரும்பிக் கேட்டனர். எஸ். பி. மயில்வாகனன் என்னும் அறிவிப்பாளரின் குரலைத் தமிழ்நாட்டில் அறியாதார் சிலரே. அவருக்குப் பின் பி. எச். அப்துல் ஹமீத் போன்றோர் அம்மரபைத் தொடர்ந்தனர். காலையில் ‘பொங்கும் பூம்புனல்’ என்னும் நிகழ்ச்சி இல்லங்களைத் துயிலெழுப்பியது. குறித்த எழுத்தில் தொடங்கும் பாடலை உடனே பாடவேண்டிய ‘பாட்டுக்குப் பாட்டு’ என்னும் போட்டியும் அந்நிலையத்திற் பிறந்ததே.

அவ்வறிவிப்பாளர்களின் தமிழ் தெளிவானது. எழுத்துகளை உரியவாறு ஒலிப்பது. லகர, ளகர, ழகர வேறுபாடு அவர்தம் நாவில் மயங்காது. ‘கமர்ஷியல் சர்வீஸ்’ என்னாது ‘வர்த்தக சேவை’ என்பர். ‘கார்ப்பரேஷன்’ என்பதைக் ‘கூட்டுத்தாபனம்’ என்பர். வானொலிக்கு ஏற்ற தமிழ்நடையை ஆராய்ந்தவர்களுள் இலங்கையிற் பிறந்த சோ. சிவபாதசுந்தரம் சிறந்தவர். இலண்டன் பி. பி. சி. தமிழ் நிகழ்ச்சிக்குத் ‘தமிழோசை’ எனப் பெயரிட்டவர் அவரே. ‘ஒலிபரப்புக் கலை’ என்னும் நூலையும் அவர் எழுதினார்.

தொடக்கத்தில் வானொலிப் பெட்டி செல்வர் வீட்டுப் பொருளாகவே இருந்தது. அதற்கு மின்சாரம் வேண்டும்; ஆண்டுதோறும் அஞ்சலகத்திற் கட்டணம் செலுத்தி உரிமமும் பெறவேண்டும். 1947ஆம் ஆண்டு டிசம்பரில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் டிரான்சிஸ்டர் கண்டுபிடிக்கப்பட்டது. அதன் பயனாகப் பிற்காலத்தே கையடக்கமான பெட்டிகள் தோன்றின. சில மின்கலங்கள் இருந்தாற் போதும். மின்கம்பி எட்டாத சிற்றூரிலும் அப்பெட்டி பாடும். ஏர் உழுபவனும் தறி நெய்பவளும் தையற்கடைக்காரரும் தேநீர்க்கடையில் அமர்ந்தவரும் ஒரே நேரத்தில் ஒரே பாடலைக் கேட்டனர். எழுத்தறியாதார்க்கும் அக்குரல் செய்தி சொல்லிற்று.

காலம் மேலும் மாறியது. இலங்கை வானொலி 1967ஆம் ஆண்டு ஜனவரி 5ஆம் நாள் கூட்டுத்தாபனமாக அமைந்தது; 1972இல் நாட்டின் பெயர் மாறியபின் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் ஆயிற்று. 1984இல் ஜெர்மனியின் ‘டாயிட்ச வெல்லே’ வானொலி திருகோணமலையில் ஓர் அஞ்சல் நிலையத்தைத் தொடங்கியது. அங்கு 250 கிலோவாட் சிற்றலைக் கருவிகள் இயங்கின. ‘அமெரிக்காவின் குரல்’ சிலாபத்திற்கு அண்மையிலுள்ள இரணவிலவில் புதிய நிலையம் அமைக்க முற்பட்டபோது, அவ்வூர் மீனவர்கள் எதிர்த்தனர். எனினும் 1990களில் அது கட்டப்பட்டது. ஏக்கல தொடங்கிய அஞ்சற்பணி இவ்வாறு தீவின் பிற பகுதிகளுக்கும் பரவிற்று.

மறுபுறம், சிற்றலையின் இடத்தைப் பிற கருவிகள் பற்றத் தொடங்கின. 1975ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள் சென்னையில் தொலைக்காட்சி தோன்றியது. 1977இல் பண்பலை ஒலிபரப்பும் அங்கே தொடங்கியது. இரைச்சலற்ற ஒலிக்குப் பழகிய செவிகள், அலைபோல் எழுந்தும் தாழ்ந்தும் வரும் சிற்றலை ஒலியைப் பொறுக்கவில்லை. பின்னர்ச் செயற்கைக்கோளும் இணையமும் வந்தன. 1989இல் கீத்மாலா கொழும்பை விட்டு விவித பாரதிக்கு மாறியது. ஜெர்மானியர் திருகோணமலை நிலையத்தை விட்டு 2013இல் நீங்கினர். அந்நிலையம் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்திடம் வந்தது. இரணவில நிலையம் 2016இல் மூடப்பட்டது. 1941இல் இலண்டனில் தொடங்கிய பி. பி. சி. தமிழ் வானொலி ஒலிபரப்பும் 2017ஆம் ஆண்டு ஏப்ரலோடு நின்றது.

ஆயினும், சிற்றலை பயனற்றுப் போயிற்று என்று கொள்ளுதல் தவறு. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை அந்தமான் தீவுகளைத் தாக்கியபோது தொலைபேசித் தொடர்புகள் அறுந்தன. அவ்வமயம் அங்கே தங்கியிருந்த வானொலி ஆர்வலர்கள் தம் சிறு கருவிகளால் தீவின் செய்திகளை வெளியுலகிற்குத் தெரிவித்தனர். செயற்கைக்கோளும் கடலடிக் கம்பியும் எவரேனும் ஒருவரின் உடைமை. அவை அறுந்தும் போகலாம். எவராலும் நிறுத்தப்படவும் கூடும். வானத்தின் அயன மண்டலமோ எல்லார்க்கும் பொது. ஒரு சிறு கருவியும் ஒரு கம்பியும் உடையவன் அதன்மீது தன் குரலை எறிந்து உலகை அழைக்கலாம்.

வானொலிக் குரலுக்குக் குறையும் உண்டு. அது கல்வெட்டைப் போல நிலைப்பதன்று. ஒலித்த நொடியிலேயே மறைவது. பல ஆண்டுகள் பலர் பேசிய நற்றமிழ், பதிவு செய்யப்படாமையால் மீளாது போயிற்று. இசைத்தட்டுகளிலும் ஒலிநாடாக்களிலும் எஞ்சியவற்றைப் போற்றிக் காத்தல் கடமையாகும். கொழும்பு வானொலியின் இசைத்தட்டுக் களஞ்சியத்தில் இந்தியத் திரையிசையின் அரிய பழம்பாடல்கள் பல இருத்தலை அறிந்தோர் பாராட்டுவர். ஒரு நாட்டின் பாடலை மற்றொரு நாடு காத்து வைத்தல் நட்பின் அடையாளமன்றோ!

ஏக்கலயின் வரலாறு இதனைத் தெளிவாக உணர்த்துகின்றது. படைவீரர்க்கென வந்த கருவி பின்னர் உழவனுக்குப் பாடியது. வல்லரசின் செய்தியைச் சுமந்த அதே கம்பித்திரை குழந்தைகளின் பிறந்தநாள் வாழ்த்தையும் சுமந்தது. அலைக்குப் பகையும் இல்லை, உறவும் இல்லை. தன்மேல் ஏற்றியதை அது கொண்டுசெல்லும். அதன்மேல் எதனை ஏற்றுவது என்பதைத் தீர்மானிப்பவன் மனிதனே. இன்று ஒவ்வொருவர் கையிலும் உலகெங்கும் பேசவல்ல கருவி உள்ளது. முன்னாளில் ஒரு நிலையத்தின் அறிவிப்பாளர் சிலர்க்கே உரியதாயிருந்த பொறுப்பு, இன்று எல்லார்க்கும் உரியதாயிற்று. எல்லையற்றுச் செல்லும் சொல், மெய்ம்மையும் இனிமையும் உடையதாகச் செல்லுமாறு காத்தல் பேசுவோர் கடமையாகும்.